புற்றுநோய் மரபியல் ஆய்வாளராக: நெட் தேர்விலிருந்து சொந்த லேப் வரை

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் முதலில் போட வேண்டியது ஆண்டுக் கணக்கு. நெட் தேர்வில் தேறியவர்களுக்குக் கிடைக்கும் சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு) ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 2 ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய். அடுத்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 3 ஆண்டுக்கு மாதம் 42,000 ரூபாய். இவை 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகைகள். வீட்டு வாடகைப்படி தனி. ஆக, பணம் வருவது 5 ஆண்டுக்குத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறையோ பிஎச்.டி. தீசிஸ் (ஆய்வேடு) முடிக்க 6 ஆண்டு அவகாசம் தருகிறது. நோயாளிகளின் சாம்பிளை நம்பி நடக்கும் வேலையில் தாமதம் நிச்சயம் வரும். ஆறாவது ஆண்டில் ஃபெலோஷிப் இல்லாமல் தவிக்கும் மாணவர்கள் எல்லா லேபிலும் உண்டு. பெரும்பாலும் அவர்களுடைய தாமதம் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட்டிருக்கும்.

தேர்வு

சிஎஸ்ஐஆர் நெட்டின் லைஃப் சயின்சஸ் தாளுக்கு 3 மணி நேரம், 200 மதிப்பெண். ஏ பகுதியில் 20 கேள்விகளில் 15, பி பகுதியில் 50-இல் 35, சி பகுதியில் 75-இல் 25 எழுத வேண்டும். சி பகுதிக்கு மட்டும் 100 மதிப்பெண்: சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழியும். மூன்றில் ஒரு கேள்வியை எழுதினால் போதும் என்பதால், பாடத்திட்டத்தின் 13 அலகுகளையும் மேலோட்டமாகப் புரட்டுவதைவிட ஐந்தாறு அலகுகளை அடி ஆழம் வரை படிப்பது பலன் தரும். நம் துறைக்கு நான்காவது அலகு (செல் சமிக்ஞைகள், புற்றுநோயும் இதில்தான் வருகிறது), எட்டாவது அலகு (மரபு வழி), பதின்மூன்றாவது அலகு (ஆய்வு முறைகள்) மூன்றையும் விடக் கூடாது. டிபிடி (உயிரித் தொழில்நுட்பத் துறை), ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஜேஆர்எஃப் தேர்வுகளையும் சேர்த்தே எழுதுங்கள். நவி மும்பை கார்கரில் உள்ள ஆக்ட்ரெக் (டாடா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆய்வு மையம்) போன்ற இடங்கள் தனியாகவும் ஆள் எடுக்கின்றன.

கைடைத் தேர்ந்தெடுப்பது

நிறுவனத்தின் பெயரைவிடக் கைடின் (ஆய்வு வழிகாட்டியின்) ஃப்ரீசரில் உள்ள சாம்பிள்கள் முக்கியம். நேர்காணலுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: மருத்துவமனையுடன் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறதா, ஏற்கெனவே சேர்த்த சாம்பிள்களின் ஒப்புதல் படிவம் மரபணு வரிசைப்படுத்தலை அனுமதிக்கிறதா, சீக்வென்சிங் (வரிசைப்படுத்தல்) செலவைத் தரும் கிராண்ட் (ஆய்வு நிதி) எந்த ஆண்டு முடிகிறது. கிராண்ட் அடுத்த மார்ச்சில் முடிகிறது என்றால் உங்கள் சாம்பிள்கள் வரிசைப்படுத்தப்படாமலே கிடக்கும். அந்த லேபில் தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கும் மாணவரிடம் தனியாகப் பேசுங்கள். முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபியல் நிறுவனமும் ஆக்ட்ரெக்கும் மருத்துவமனைகளோடு சேர்ந்து வேலை செய்பவை. சென்னையில், 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனமும், தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி உள்ள ஐஐடி மெட்ராஸும் இருக்கின்றன.

முதல் ஆறு மாதம்: எத்திக்ஸ் கமிட்டி

கோர்ஸ் ஒர்க் (பிஎச்.டி. தொடக்க வகுப்புகள்) நடக்கும்போதே, மனிதர்கள் தொடர்பான ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கான விண்ணப்பத்தை எழுதிவிட வேண்டும். வகுப்புகள் முடியட்டும் என்று காத்திருப்பதுதான் மிகப் பெரிய நேர விரயம். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளை முழுதாகப் படியுங்கள். ஒப்புதல் படிவத்தின் தமிழ், வார்டில் இருக்கும் ஓர் அம்மா ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். சாம்பிளைப் பிற்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாமா என்ற கேள்வியை இப்போதே சேர்த்துவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து அவரைத் தேடிப்போய் மறுபடி கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் நடக்காது.

விண்ணப்பங்கள் திரும்பி வர வழக்கமான காரணம், பரம்பரை மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வீர்கள் என்பதற்கு அதில் பதில் இல்லாதது. ஒருவரின் ரத்தத்தில் பிஆர்சிஏ1 மரபணுவில், மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மாற்றம் இருந்தால், அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. சகோதரிக்கும் இருக்கலாம். முடிவை யார் சொல்வது, எந்த மரபியல் ஆலோசகரிடம் அனுப்புவது, தெரிந்துகொள்ள விரும்பாதவரின் உரிமையை எப்படிக் காப்பது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வு லேபின் முடிவை நேராக நோயாளியிடம் கொடுக்கவே கூடாது. புதிய ரத்த மாதிரி எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்ற லேபில் உறுதி செய்த பிறகே சொல்ல வேண்டும். வெளிநாட்டு லேபுடன் கூட்டு என்றால் மத்திய சுகாதார அமைச்சகத் திரையிடல் குழுவின் அனுமதிக்கும் சில மாதங்கள் ஒதுக்குங்கள்.

சாம்பிள்

தீசிஸ் தப்புவதும் கெடுவதும் இங்கேதான். ரத்தத்தை ஊதா மூடி போட்ட இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுப்பது) குழாயில் எடுங்கள். பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பாரின், டிஎன்ஏவோடு ஒட்டி வந்து, டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் முறையான பிசிஆரைத் தடுக்கும். கட்டியை வெட்டியெடுத்தவுடன் ஒரு துண்டை திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். அதற்கு அடுத்த சீவலை நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்து, புற்றுச் செல்கள் எத்தனை சதவீதம் என்று குறித்துத் தர வேண்டும். அந்த எண் இல்லாமல் சீக்வென்சிங்குக்கு அனுப்பாதீர்கள். 20 சதவீதம்தான் புற்றுச் செல்கள் என்றால், மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் உள்ள மாற்றம் ஏறக்குறைய 10 சதவீத ரீடுகளில்தான் (கருவி படிக்கும் டிஎன்ஏ துண்டுகளில்) தெரியும். 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 முறை படித்தால், அது வெறும் 3 ரீடு. கருவிப் பிழையிலிருந்து பிரித்தறிவது கடினம். 100 மடங்கில் 10 ரீடு கிடைக்கும்.

ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பொதித்த பழைய திசுக் கட்டிகள் எளிதில் கிடைக்கும். ஆனால் ஃபார்மலின், டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினை (சி) சிதைப்பதால், சி இருந்த இடத்தில் டி (தைமின்) என்று பொய் மாற்றங்கள் குவியும். யுராசில் டிஎன்ஏ கிளைகோசிலேஸ் நொதி இதை வெகுவாகக் குறைக்கும். டிஎன்ஏவின் அளவைக் க்யூபிட்டில் (டிஎன்ஏவோடு ஒட்டும் சாயத்தால் அளக்கும் கருவி) பாருங்கள். ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோடிராப் கருவி ஆர்என்ஏவையும் சேர்த்தே எண்ணிக் கூட்டிக் காட்டும்.

கட்டிக்கு இணையாக அதே நபரின் ரத்தத்தையும் வரிசைப்படுத்துவதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. உலகப் பொதுத் தரவுத்தளங்களில் நம் மக்களின் மரபணு வேறுபாடுகள் குறைவாகவே பதிவாகியுள்ளன. ரத்தம் இல்லாவிட்டால், பிறவியிலேயே உள்ள வேறுபாடு கட்டியில் புதிதாகத் தோன்றிய மாற்றமாகக் கணக்கில் ஏறிவிடும்.

கணினியும் செல் லைனும்

சாம்பிள் சேரும் மாதங்களில் லினக்ஸ், ஆர் (புள்ளியியல் நிரல்மொழி), பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். பகுப்பாய்வை முழுதாக வெளியாளிடம் விட்டவர், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தன் தரவைப் பற்றித் தானே பதில் சொல்ல முடியாமல் நிற்பார். பயிற்சிக்கு டிசிஜிஏ (அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தரவுத் தொகுப்பு) போதும்: 33 வகைப் புற்றுநோய்கள், 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். மாற்றங்களின் பட்டியலை சிபயோபோர்ட்டல் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். டிசிஜிஏவின் 2012 மார்பகப் புற்றுநோய் ஆய்வில், டிபி53 (கட்டி வளராமல் தடுக்கும் மரபணு) மாற்றம் அந்நோயின் பேசல் வகையில் 80 சதவீதமும் லூமினல் ஏ வகையில் 12 சதவீதமும் இருந்தது. அதே தரவிலிருந்து நீங்கள் எடுக்கும் எண்கள் இவற்றிலிருந்து வெகுதூரம் விலகினால், வகை பிரித்ததிலோ வடிகட்டியதிலோ தவறு இருக்கிறது. சொந்தத் தரவில் முக்கியமான ஒவ்வொரு மாற்றத்தையும் ஐஜிவி (ரீடுகளைத் திரையில் காட்டும் மென்பொருள்) வழியே கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள்.

செல் லைன் (லேபில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) பக்கத்து லேபிலிருந்து வந்தால், அது எது என்று உறுதி செய்யும் டிஎன்ஏ அடையாளச் சோதனையான எஸ்டிஆர் முடியும்வரை அதில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் லைன் பல ஆண்டுகளாக மார்பகப் புற்றுச் செல்லாகவே கருதப்பட்டது. உண்மையில் அது மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்). செல் வளர்ப்பில் கலந்துவிடும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கு மாதம் ஒரு முறை பிசிஆர் செய்யுங்கள். அது இருந்தாலும் வளர்ப்பு ஊடகம் கலங்காது, மரபணு வெளிப்பாடு மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

நான்காம் ஆண்டும் அதற்குப் பிறகும்

போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் தேடுவதை, தீசிஸ் சமர்ப்பிக்க ஓராண்டு இருக்கும்போதே தொடங்குங்கள். மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: நீங்கள் கண்டது, கைவசம் உள்ள நுட்பம், அந்த லேபில் கேட்க விரும்பும் கேள்வி. வெளிநாடு போனால், எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) போன்ற ஃபெலோஷிப்புகள் பட்டம் பெற்றதிலிருந்து நாளை எண்ணுகின்றன என்பதை மறக்க வேண்டாம். திரும்பி வர ராமலிங்கசாமி, ராமானுஜன், இன்ஸ்பையர் ஃபேக்கல்டி ஆகிய அரசு ஃபெலோஷிப்புகள் உண்டு. இவை சம்பளமும் ஆய்வுத் தொகையும் தரும். நிரந்தரப் பணி தருவதில்லை. எத்தனை சதுர அடி இடம், பிஎச்.டி. மாணவரை எடுக்கும் உரிமை உண்டா என்பதை ஏற்கும் நிறுவனத்திடம் கடிதமாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்த லேபின் முதல் கிராண்டில் சீக்வென்சர் கேட்காதீர்கள். அந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டு, மைனஸ் 80 ஃப்ரீசர், அதற்கு ஜெனரேட்டர் இணைப்பு, உயிரிப் பாதுகாப்புக் கேபினெட், தரவுச் சேமிப்பு ஆகியவற்றை வாங்குங்கள். 30 மடங்கு ஆழத்தில் ஒரு முழு மரபணுத் தொகுதியின் மூலத் தரவே ஏறக்குறைய 100 ஜிபி பிடிக்கும். இரண்டு இடத்தில் பிரதி வேண்டும். தொகை தவணையாகத்தான் வரும். மார்ச் முடிந்ததும் யூட்டிலைசேஷன் சர்ட்டிஃபிகேட் (தொகை செலவான விதத்துக்கான சான்று) போகாவிட்டால் அடுத்த தவணை நிற்கும், கிட்டும் என்சைமும் வராது. அதனால் நான்கு மாதத்துக்கான ரீஏஜென்ட் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். முதல் ஆண்டில் ஒரே ஒரு பிஎச்.டி. மாணவரை மட்டும் எடுங்கள். அவருடைய எத்திக்ஸ் அனுமதியை, அவர் சேருவதற்கு முன்பே நீங்கள் வாங்கி வைத்திருக்க வேண்டும்.