ஜெல்லிமீன் கொட்டினால் முதலில் கடல்நீர், பிறகு வெந்நீர்

சொறிமீன் எனப்படும் ஜெல்லிமீன் கொட்டிய இடத்தைக் கடல்நீரால் மட்டுமே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கையால் தொடாமல் சாவணத்தால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில், அதாவது 40 முதல் 45 டிகிரி செல்சியஸில், 20 நிமிடமாவது அமிழ்த்தி வைத்தால் வலி பெரும்பாலும் நன்றாகத் தணியும். தோலில் கண்ணாடி நூல்போல் ஒட்டிக்கிடக்கும் அந்த இழைகளில் இன்னும் வெடிக்காத நுண்ணிய கொட்டணுக்கள் ஏராளமாக இருக்கும். குழாய்நீர் பட்டாலோ மணலாலோ துண்டாலோ தேய்த்தாலோ அவை வெடித்து மேலும் நஞ்சைச் செலுத்திவிடும். நஞ்சில் பெரும்பகுதி புரதம் என்பதால் வெப்பத்தில் அதன் வீரியம் குறைகிறது. சிறுநீர் ஊற்றுவது பலரும் சொல்லும் வைத்தியம்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அதனால் பயன் இல்லை, கொட்டணுக்கள் வெடிக்கவும் கூடும்.

நீரின் சூட்டைக் கொட்டுபடாத கையால் சோதித்துப் பாருங்கள், ஏனெனில் வலியில் இருக்கும் தோல் வெந்துபோவதை உணராது. நீரிழிவால் உணர்ச்சி மங்கிய கால்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இன்னும் கவனம் தேவை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாந்தி, மயக்கம் இருந்தாலோ, கண்ணில் பட்டிருந்தாலோ, கொட்டியது பெட்டி ஜெல்லிமீன் (பெட்டி வடிவ உடலும் கொடிய நஞ்சும் கொண்ட வகை) என்ற ஐயம் எழுந்தாலோ, வெந்நீருக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.