பொலன்னறுவைக்கு ஒருநாள் பயணம்: நாங்கள் விட்ட பிழைகளை நீங்கள் விட வேண்டாம்

மட்டக்களப்பு ஆட்களுக்குப் பொலன்னறுவை தூரத்து ஊர் இல்லை. வாழைச்சேனை, ஓட்டமாவடி, புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி என்று போனால் ஏறக்குறைய 100 கிலோமீற்றர்தான். கிட்ட இருப்பதால்தான் அந்த ஊரை நாம் சரியாகப் பார்ப்பதில்லை என்று எனக்குப் படுகிறது. ஊரில் வான் பிடித்துப் போகிறவர்களின் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள்: "விடியப் பொலன்னறுவை, மத்தியானம் சிகிரியா, பின்னேரம் தம்புள்ளை, இரவைக்கு வீடு." இருநூறு வருடத்துக்கு மேலாக இந்த நாட்டின் தலைநகராக இருந்த ஊருக்கு ஒதுக்கப்படுவது இரண்டு மணித்தியாலம்.

கனடாவிலிருந்து சின்னம்மா குடும்பம் வந்திருந்தபோது நாங்களும் அப்படித்தான் போனோம். பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, புட்டும் சம்பலும் கட்டி முடிய ஏழரை மணி. வாழைச்சேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். பொலன்னறுவையில் இறங்கும்போது பத்தரை தாண்டிவிட்டது. வழிகாட்டியாக வந்தவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் அவசரம், எங்களுக்கும் அவசரம். அரண்மனை, வட்டதாகே என்ற வட்டமான தூபி மண்டபம், பாறையில் புத்தர் சிலைகள் செதுக்கிய கல் விகாரை என்று ஓடிப் பார்த்து, அடுத்த ஊருக்கு வானில் ஏறினோம். மின்னேரியாவைத் தாண்டும்போது சின்னம்மா கேட்டார்: "நம்மட ஆக்கள் கட்டின சிவன் கோயில் ஒண்டு இஞ்ச இருக்கெண்டாங்களே, அது எங்க கா?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோயிலுக்குத் திரும்பும் பாதையைக் கடந்துதான் கல் விகாரைக்குப் போயிருந்தோம்.

ஆகவே முதலாவது பிழை, ஒரு நாளில் மூன்று ஊர் பார்க்க நினைப்பது. பொலன்னறுவையின் இடிபாடுகள் ஒரே வளவுக்குள் இல்லை. தெற்கே குளக்கட்டோரம் பொத்குல் விகாரை, பிறகு அரண்மனைத் தொகுதி, அதற்கு வடக்கே புனித தந்த மாளிகை இருந்த முற்றமான தளதா மளுவ, அங்கிருந்து ரன்கொத் வெஹெர, லங்காதிலக, கல் விகாரை, வட அந்தத்தில் திவங்க பிலிமகே என்று பல கிலோமீற்றருக்கு நீண்டு கிடக்கின்றன. வாகனத்தில் போனாலும் ஒவ்வோர் இடத்திலும் இறங்கி ஏற வேண்டும். ஆறு மணித்தியாலம் கொடுத்தால்தான் ஓரளவுக்குப் பார்க்கலாம். சிகிரியாவை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிழை, வெயிலைக் கணக்கில் எடுக்காமல் வெளிக்கிடுவது. வட்டதாகே, லங்காதிலக, கல் விகாரை எல்லாம் இன்றும் வணக்கத்துக்குரிய இடங்கள். செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்குப் பிறகு அந்தக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடப்பது, சூடான தோசைக்கல்லில் கால் வைத்த மாதிரித்தான். எங்களோடு வந்த சின்னம்மாவின் பேரன் வட்டதாகேயின் படியில் ஏறிய கையோடு கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தான். மற்றப் பிள்ளைகள் கடைசிவரை மேலே ஏறவேயில்லை. ஒரு சோடி சொக்ஸ் கொண்டுபோனால் இந்தக் கரைச்சல் இல்லை, சொக்ஸ் போட்டு நடக்க விடுகிறார்கள். அதைவிட நல்லது, விடிய ஐந்து மணிக்கு முன் வீட்டிலிருந்து இறங்கி, வெயில் ஏற முன்னம் கல் உள்ள இடங்களைப் பார்த்து முடிப்பது. போயா நாட்களிலும் பாடசாலை விடுமுறைக் காலத்திலும் சனம் அள்ளுகிறது. வேறு நாள் கிடைத்தால் அதைப் பிடியுங்கள்.

வழிகாட்டி விடயத்தில் நம் ஆட்கள் விடும் பிழைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வான் ஓட்டி வருபவரே எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்கிறோம். ஓட்டுநருக்குப் பாதை தெரியும், வரலாறு தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள வழிகாட்டிகள் இருக்கிறார்கள், படத்தோடு அட்டை வைத்திருப்பார்கள். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு காசு, எத்தனை மணித்தியாலம், எந்தெந்த இடம் என்பதை வானை விட்டு இறங்க முன்னமே பேசி முடியுங்கள். வாசலில் நின்று பேரம் பேசினால், அரை நாள் காசுக்கு இரண்டு மணித்தியாலம்தான் கிடைக்கும். இன்னொன்று, நடுவில் மரச்சிற்பக் கடைக்கோ வாசனைத் திரவியத் தோட்டத்துக்கோ போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் பயணத்தில் முக்கால் மணித்தியாலம் அப்படி ஒரு கடையில்தான் போனது. ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை.

மொழிதான் இதில் பெரிய விடயம். அங்கே கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானோர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் விளக்குவார்கள். வீட்டில் வயதானவர்கள் வந்தால் அவர்கள் ஒன்றும் விளங்காமல் நிழல் தேடி ஒதுங்கிவிடுவார்கள். முன்கூட்டியே விசாரித்துத் தமிழ் தெரிந்தவரைப் பிடிக்கப் பாருங்கள். கிடைக்காவிட்டால், உங்களில் ஒருவர் முதல் நாளே கொஞ்சம் வாசித்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். அரசர்களின் பெயரும் ஆண்டும் மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. பெரியவர்களுக்கு வேண்டியது கதை.

எந்த வழிகாட்டியானாலும் நீங்கள் கேட்காவிட்டால் காட்டாமல் விடக்கூடிய இடங்கள் உண்டு. நாம் போவதே அவற்றுக்காகத்தான் என்பேன். 993 இல் முதலாம் இராசராசனின் படை அனுராதபுரத்தை வீழ்த்திய பின், சோழர் தங்கள் ஆட்சியைப் பொலன்னறுவையிலிருந்து நடத்தினார்கள். இராசராசனின் பட்டப்பெயரால் அந்த நகரைச் சனநாதமங்கலம் என்று அழைத்தார்கள். 1070 இல் முதலாம் விசயபாகு நகரை மீட்கும்வரை அது சோழரின் தலைநகர். அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை முழு உருவத்தோடு நிற்பது வானவன் மாதேவி ஈச்சரம். தொல்லியல் திணைக்களப் பலகையில் 'இரண்டாம் சிவ தேவாலயம்' என்று போட்டிருக்கும். இராசேந்திர சோழனின் தாயின் பெயர் தாங்கிய கோயில் அது. அடியிலிருந்து சிகரம்வரை கல்லாலேயே கட்டியது. பொலன்னறுவையில் நிற்கும் கட்டடங்களில் இதுவே பழையது. பிரதான பாதையிலிருந்து விலகி மரங்களுக்குள் நிற்பதால் வான்கள் திரும்புவதில்லை.

அடுத்த முறை போனபோது நேரே அங்கேதான் போனேன். காலை எட்டு மணி இருக்கும், எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. உள்ளே லிங்கம், அதன்மேல் யாரோ வைத்துப் போன செம்பரத்தம்பூ. சுவரில் வரிவரியாகத் தமிழ்க் கல்வெட்டு. ஆயிரம் வருடத்துக்குக் கிட்டிய எழுத்து, எடுத்த எடுப்பில் வாசிக்க வராது. ஆனால் கல்லைத் தொடாமல் விரலைக் காற்றில் ஓட்டிப் பார்த்தால் ஒரு 'க', ஒரு 'ம', ஒரு 'ய' அகப்படும். அகப்பட்ட எழுத்தை என் மகள் உரத்துச் சொன்னாள். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் இன்னும் பத்துத் தரம் போவேன். தயவுசெய்து கல்வெட்டைத் தடவாதீர்கள், வாசிக்கவென்று மாவும் சோக்கும் பூசாதீர்கள்.

தளதா மளுவவுக்குப் பக்கத்தில் 'முதலாம் சிவ தேவாலயம்' நிற்கிறது, பாண்டியர் பாணியில் 13 ஆம் நூற்றாண்டில் கட்டியது. கூரை இல்லை, ஆனால் கல் பொருத்தியிருக்கும் நேர்த்தியைக் கிட்ட நின்று பாருங்கள். தளதா மளுவவுக்குள் வேளைக்காரர் கல்வெட்டு இருக்கிறது. புத்தரின் புனித தந்தம் இருந்த மாளிகையைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படையினரான வேளைக்காரர் ஏற்றுக்கொண்டதைத் தமிழில் சொல்லும் கல் அது. இரண்டு சமயமும் இரண்டு மொழியும் அந்த ஊரில் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். பக்கத்திலேயே வட்டதாகேயின் வாசலில், படிக்கு முன்னால் பதித்த அரைவட்டச் சிற்பக் கல்லான சந்திரவட்டக்கல். அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் வரும் எருது இதில் இல்லை, யானையும் குதிரையும் அன்னமும்தான். எருது நந்தியல்லவா, அதை மிதிக்கக்கூடாது என்று சைவத்தின் செல்வாக்கால் விட்டார்கள் என்பது பலர் சொல்லும் விளக்கம். வழிகாட்டியிடம் கேளுங்கள், நல்ல பேச்சு ஒன்று தொடங்கும்.

மாகனைப் பற்றியும் கேளுங்கள். 1215 இல் வந்து பொலன்னறுவையைப் பிடித்த கலிங்க மாகனைப் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் அழிவு செய்தவனாகச் சொல்கிறது. வழிகாட்டியும் அதையே சொல்வார். நமது பக்கத்திலோ 'மாகோன் வகுத்த வன்னிமை' என்று, கோயில் ஒழுங்கும் குடிமுறையும் வகுத்தவனாக அவன் பெயர் நம் ஊர் வரலாறு சொல்லும் பழைய நூலான மட்டக்களப்பு மான்மியத்தில் இருக்கிறது. அங்கே நின்று சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. ஒரே ஆளைப் பற்றிய இரண்டு நினைவும் தெரிந்துகொண்டு போனால் அந்த இடிந்த சுவர் வேறு மாதிரித் தெரியும்.

அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வைப்பது இன்னொரு பிழை. வெயிலுக்கு ஒதுங்கும் இடமாக மத்தியானம் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் முதலில் போகத்தான் சொல்வேன். கட்டடங்கள் அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு மாதிரிகள் செய்து வைத்திருக்கிறார்கள். கூரையோடு உள்ள வட்டதாகேயைச் சின்னதாகப் பார்த்துவிட்டுப் போனால், மொட்டையாக நிற்கும் தூண்களுக்கு மேல் நம் மனமே கூரை போட்டுக்கொள்ளும். ஏழு மாடியும் ஆயிரம் அறையும் இருந்ததாகச் சூளவம்சம் சொல்லும் அரண்மனையின் தடித்த சுவர்களில் உள்ள ஓட்டைகள் உத்தரம் செருகிய இடங்கள் என்பதும் அப்போதுதான் விளங்கும். பொலன்னறுவையில் கிடைத்த சைவ வெண்கலச் சிலைகளில் சிலவும் இங்கே உண்டு, நிறையக் கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தனியான, கூடிய விலை ரிக்கெட். "நாங்களும் மட்டக்களப்புத்தானே" என்று உள்ளே போய்ச் சோதனையில் மாட்டுப்பட்டால் எல்லாருக்கும் அவமானம். வாங்கிய ரிக்கெட்டை எறிந்துவிடவும் கூடாது, உள்ளே வேறு இடங்களிலும் கேட்பார்கள். நம் ஆட்கள் அடையாள அட்டையைக் கொண்டுபோக வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்புத்தான் உடுக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை அவமதிப்பாகப் பார்க்கிறார்கள். நம் கோயில் மூலஸ்தானத்துக்கு முதுகு காட்டி ஒருவர் நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? கல் விகாரையில் ஒரே பாறையில் குடைந்த நான்கு உருவங்களில், படுத்திருக்கும் உருவம் மட்டும் 14 மீற்றர் நீளம். போனை உள்ளே வைத்துவிட்டு, தலையணையில் தலை அழுந்திய பள்ளத்தைக் கல்லிலேயே எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சாப்பாட்டுப் பார்சலை இடிபாடுகளுக்கு நடுவில் பிரிக்காதீர்கள். குரங்குகள் காத்துக்கொண்டிருக்கும், பையோடு இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கு இரண்டு வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பராக்கிரம சமுத்திரத்தின் கட்டுக்குப் போங்கள். அந்தக் குளத்தை, நேரம் மிஞ்சினால் பார்க்கும் இடமாக வைக்க வேண்டாம். என் அப்பா உன்னிச்சைப் பக்கம் வேளாண்மை செய்தவர். கோயிலும் சிலையும் அமைதியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், குளக்கட்டில் ஏறியதும் பேசத் தொடங்கினார். கட்டின் நீளம் 14 கிலோமீற்றர் என்று சொன்னேன். வாய்க்காலுக்குத் தண்ணி போகும் இடத்தைப் பார்த்தபடி, "எத்தின வட்டைக்குத் தண்ணி பாயுது மகள்?" என்றார். 12 ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு விரிவாக்கிய குளம், இன்றைக்கும் அதே தண்ணீரில் வயல் விளைகிறது. சோத்துப் பார்சலைப் பிரிக்காமல் அரை மணித்தியாலம் அப்படியே நின்றார். வயதானவர்களோடு போகிறவர்கள், அவர்கள் எந்த இடத்தில் நிற்க விரும்புகிறார்களோ அந்த இடத்தில் நேரத்தைக் கூட்டுங்கள். வேறு ஒன்றைக் குறைக்கலாம். திவங்க பிலிமகேயின் சுவரோவியங்களை நாங்கள் அன்று விட்டுவிட்டுத்தான் வந்தோம். அப்பாவுக்கு அது குறையாகப் படவில்லை.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு சொல்: பொலன்னறுவை என்ற பெயரில் உள்ள நிலையம் கதுருவெலையில் இருக்கிறது. பழைய நகருக்கு அங்கிருந்து பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்க வேண்டும். உள்ளே சுற்ற சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், இளம் ஆட்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

திரும்பும்போது இருட்ட விடாதீர்கள். மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டியதிலிருந்து புனானை வரை றோட்டின் இரண்டு பக்கமும் யானை நடமாடும் காடு. மைம்மல் நேரத்தில் வெலிக்கந்தைப் பக்கம் றோட்டோரத்தில் ஒற்றை யானை நிற்பதைக் கண்டிருக்கிறேன். வாகனத்தை நிறுத்தி, இறங்கி, பழம் எறிகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். நாலு மணிக்கு வான் வெளிக்கிட்டால், வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டிவிடலாம், தேத்தண்ணியை அங்கே குடித்துக்கொள்ளலாம்.