சாரா, வார்சாரா?

தக்கலையில் ஒரு கடைக்கு வாடிக்கையாளர் விவரம் சேமிக்க டேட்டாபேஸ் அமைக்கிறீர்கள் என்று வையுங்கள். பின்கோடு நாகர்கோவிலுக்கு 629001, மார்த்தாண்டத்துக்கு 629165. எந்த ஊரானாலும் ஆறு இலக்கம்தான், எனவே நீளம் மாறாத எழுத்துத் தகவலுக்கான சார் (CHAR) வகை போதும்; ஆறு இலக்கத்துக்கு சார்(6). வங்கியின் ஐஎஃப்எஸ்சி கோடும் அப்படித்தான், எப்போதும் 11.

வண்டி எண்ணும் அதே போலத் தோன்றும், ஏமாந்துவிடாதீர்கள். டிஎன் 74-க்குப் பிறகு சில வண்டிகளுக்கு ஓர் எழுத்து, சிலவற்றுக்கு இரண்டு. அதற்கு நீளம் மாறக்கூடிய தகவலுக்கான வார்சார் (VARCHAR) வகைதான் சரி.

ஊர்ப்பெயருக்கு சார்(30) கொடுத்தால், சின்னப் பெயருக்குப் பின்னால் மிச்ச இடமெல்லாம் ஸ்பேஸ் வந்து உட்காரும். படிக்கும்போது மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருள் வழக்கமாக அதை வெட்டிவிட்டுத் தரும். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற இன்னொரு மென்பொருள் அப்படியே தரும். வார்சாரில் இந்தத் தொல்லை இல்லை. நீளத்தைக் குறித்து வைக்க மைஎஸ்கியூஎல்லில் ஒன்றிரண்டு பைட் (சேமிப்பு இடத்தின் அலகு) கூடுதலாகும், அவ்வளவுதான்.

தமிழில் சேமிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ‘குளச்சல்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையின் கணக்கில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி என்பதால் எட்டு. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். மைஎஸ்கியூஎல்லில் அளவு யூனிகோடு எழுத்துக் கணக்கு, வார்சார்(10) கொடுத்தால் அடங்கிவிடும். ஆரக்கிள் (Oracle) டேட்டாபேஸில் அளவு வழக்கமாக பைட் கணக்கு, அதே 10-ல் பிழை காட்டும். அதனால் கொஞ்சம் தாராளமாகவே அளவு கொடுங்கள்.

சார்தான் வேகம் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். போஸ்ட்கிரெஸில் அது செல்லாது.