லிப்ரிவாக்ஸில் வாசிக்க ஆசையா? மைக் அப்புறம், முதலில் அறை

காப்புரிமை முடிந்த நூல்களை வாசித்து இலவச ஒலிப்புத்தகங்களாகத் தரும் இணையதளம் லிப்ரிவாக்ஸ். நல்ல மைக் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒலிப்புத்தக ஆசையைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் உங்கள் அறையைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு குக்கர் விசில் எல்லாம் நமக்குப் பழகிப்போனவை, மைக்குக்குப் பழகாது. வெறும் சுவர் உள்ள அறையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். நான் துணி பீரோவைத் திறந்து அதற்கு நேராக உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் மெத்தையைச் சாய்த்து, விடியற்காலையில் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வாசிக்கிறேன். வியர்க்கும்தான், ஆனால் பதிவு சுத்தமாக வரும்.

லிப்ரிவாக்ஸ் 2005இல் தொடங்கியது, முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது. குரல் தேர்வெல்லாம் கிடையாது. ஒரு நிமிடச் சோதனைப் பதிவு மட்டும் கேட்பார்கள், அதுவும் ஒலி அளவும் இரைச்சலும் சரியா என்று பார்க்கத்தான். பதிவு செய்யவும் திருத்தவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். அதில் வைக்க வேண்டிய அமைப்பு: மோனோ (ஒற்றை ஒலித்தடம்), 44.1 கிலோஹெர்ட்ஸ், 128 கேபிபிஎஸ் எம்பி3, சத்தம் 89 டெசிபல் சுற்றி.

பலர் தடுக்கி விழுகிற இடம் காப்புரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும், ஆனால் லிப்ரிவாக்ஸ் பார்ப்பது அமெரிக்கச் சட்டத்தை, அங்கே பழைய நூல்களுக்குப் பொதுவாக வெளிவந்ததிலிருந்து 95 ஆண்டுக் கணக்கு. அதனால் நாட்டுடைமை ஆன நூல்தானே என்று நம்பி நாலு அத்தியாயம் வாசித்துவிடாதீர்கள், முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் பதிவும் பொதுச்சொத்தாகிவிடும், யார் வேண்டுமானாலும் விற்கக்கூட விற்கலாம். அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் இறங்குங்கள்.

சரி, வாசிப்புக்கு வருவோம். முழு நாவலை எடுக்காதீர்கள், பலர் சேர்ந்து வாசிக்கிற நூலில் ஒரே ஒரு அத்தியாயம் போதும். பழைய உரைநடையில் ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடும், ஆகவே முன்கூட்டியே ஒரு முறை வாய்விட்டுப் படித்து, எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். வாழையும் வாளையும் ஒன்றாக ஒலித்தால், பழத்தைச் சொல்கிறீர்களா மீனைச் சொல்கிறீர்களா என்று கேட்கிறவர் திகைப்பார், அவர் கையில் புத்தகம் இல்லை என்பதை மறக்கக் கூடாது. தடுமாறினால் பதிவை நிறுத்த வேண்டாம், ஒரு முறை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். அப்புறம் திருத்தும்போது, திரையில் தெரியும் ஒலி அலைவரியில் அந்தக் கைதட்டல் முள் மாதிரி குத்திட்டு நிற்கும், தேடவே வேண்டாம்.

நீங்கள் அனுப்பியதை இன்னொரு தன்னார்வலர் மூலநூலை வைத்துக்கொண்டு கேட்பார். நாலாவது நிமிடத்தில் ஒரு வரி இரண்டு தடவை வருகிறது என்று நொடிக்கணக்கோடு எழுதுவார், அது பெரிய உதவி. திருத்தத்தை முன்பு வாசித்த அதே நேரத்தில், அதே இடத்தில், மைக்குக்கு அதே ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். காலைக் குரலுக்கு நடுவே ராத்திரிக் குரலை ஒட்டினால் வேறு யாரோ வந்து பேசுவது போலிருக்கும்.