பெரியவர்களுக்கு நினைவு தப்பினால்: நீதிமன்றத்தில் பொறுப்பு எடுப்பது எப்படி?

இலங்கையில், நானுஓயாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அதற்குப் பிறகு ஞாபகமும் கொஞ்சங்கொஞ்சமாகப் போய்விட்டது. சேமலாப நிதிப் பணம் பாங்கில் இருந்தும் மருந்துக்கு எடுக்க முடியவில்லை. எதற்குக் கையெழுத்து வைக்கிறோம் என்பதே அவருக்கு விளங்கவில்லை. அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டது இது.

படி 1: அட்டோனி பவர், அதாவது தன் காரியங்களைப் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், எழுதப் போகாதீர்கள். எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். நாங்களும் பத்திரம் எழுதும் நொத்தாரிசை லயத்து வீட்டுக்கே அழைத்து வந்தோம். அவர் பத்திரத்தை வாசித்துக் காட்டி, "ஐயா, இது என்னன்னு விளங்குதா?" என்று கேட்டார். பெரியப்பா எழுந்து கம்பளியைத் தேடினார். "பிரட்டுக்கு நேரமாச்சுங்க" என்றார். பிரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது. வேலையை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. நொத்தாரிசு பேனாவை மூடிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. விளங்காமல் கொடுத்த அட்டோனி பவர் செல்லாது. சுகமாக இருந்தபோது கொடுத்ததும்கூட, கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறிவிட்டால் வலுவிழந்துவிடும்.

படி 2: மாவட்ட நீதிமன்றத்தில் மனு. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 39ஆம் அத்தியாயத்தில் இதற்கு வழி இருக்கிறது. சொத்தைக் கவனிக்க ஒரு முகாமையாளர், ஆளைக் கவனிக்க ஒரு பாதுகாவலர் என்று இரண்டு பொறுப்பு. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். நோயாளி எங்கே வசிக்கிறாரோ அந்தப் பகுதி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மகன் கொழும்பில் வேலை செய்கிறார் என்பதற்காக அங்கே போட முடியாது. லோயருக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

படி 3: பெயர். நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாள் பதிவேட்டில்) 'முத்தன்', அடையாள அட்டையில் 'முத்தையா', பாங்குப் புத்தகத்தில் 'முத்துசாமி'. மூன்றும் ஒரே மனிதர். அவரையே கேட்டு உறுதி செய்யலாம் என்றால், அவருக்குத் தன் பெயரே சில நாள் வராது. எங்களுக்கு ஒரு வழக்குத் தவணை முழுவதும் இதிலேயே போனது. ஆகவே மனுப் போடுவதற்கு முன்பே எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கிராம சேவகரிடம் ஒரு கடிதம், தோட்ட ஆபீஸில் ஒரு கடிதம், மூன்று பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி எடுத்துவிடுங்கள்.

கிளினிக் கொப்பியும் வைத்திய அறிக்கையும் கட்டாயம். அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. தன் காரியங்களைத் தானே பார்க்க முடியாதவர் என்பதை டொக்டர் தெளிவாக எழுத வேண்டும். நம் மலையில் ஈரம் கடதாசியைத் தின்றுவிடும், பிளாஸ்டிக் உறை வைத்த ஃபைல்தான் நல்லது. அசலை லேமினேட் செய்யாதீர்கள்.

படி 4: விசாரணை. நோயாளிக்கும் அறிவித்தல் போகும். நீதிபதி அவரை நேரில் பார்க்க விரும்பலாம், அதனால் வாகனத்துக்கு ஏற்பாடு செய்துவையுங்கள். வழக்கு சிங்களத்தில் நடந்தால் தயங்காமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தமிழில் மனுக் கொடுப்பதும், அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறுவதும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை.

படி 5: கணக்கு. கட்டளை கிடைத்தால் பணம் நம்முடையது ஆகிவிடாது. நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஃபோன் ஆப்பை விட எனக்கு சீ.ஆர். கொப்பிதான் (கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி) பிடிக்கும். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் பில்லை ஒட்டிவிடுவேன். பாம்பர்ஸ், மாத்திரை, ஆட்டோக் கூலி எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் பெரியப்பாவுக்கு வெற்றிலை வாங்கிய காசும். அது அவர் காசு, அவர் ஆசை. அதை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

பிறகு சேர்த்தது: வீட்டையோ காணியையோ விற்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முகாமையாளர் ஆனாலும் விற்கவோ ஈடு வைக்கவோ நீதிமன்றத்தில் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். அது கையில் வரும்வரை யாரிடமும் முற்பணம் வாங்காதீர்கள்.