டெர்மினலில் மெயில்: கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸிலோ பிஎஸ்டியிலோ சொந்தமாக மெயில் வசதி அமைத்துக்கொள்ள உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மட் நல்லதா, நியோமட் நல்லதா?" என்றுதான். இரண்டும் டெர்மினலில் மெயில் படிக்கும் நிரல்கள். அவற்றில் எது என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. யூனிக்ஸ் வழியில் மெயிலைக் கொண்டுவர ஒரு நிரல், அனுப்ப ஒன்று, தேட ஒன்று, படிக்க ஒன்று. நான்கும் வந்து கூடும் இடம் உங்கள் வட்டில் இருக்கும் மெயில் சேமிப்பு. அதைச் சரியாக முடிவுசெய்துவிட்டால், படிக்கும் நிரலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

சேமிப்புக்கு எம்பாக்ஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் ஒரு கோப்புறையின் மெயில்கள் எல்லாம் ஒரே கோப்பில் வரிசையாகக் கிடக்கும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுத வந்து, பூட்டுப்போடும் முறையில் ஒத்துப்போகாவிட்டால் கோப்பே கெட்டுவிடும். மெயில்டிர் முறையில் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. அந்தச் சிக்கலே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: படித்தது, பதில் போட்டது போன்ற குறிகளை மெயில்டிர் கோப்புப் பெயரிலேயே முக்காற்புள்ளிக்குப் பின் எழுதும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் பென்டிரைவ்களில் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது என்பதால் நேரடி நகல் தோற்றுப்போகும். டார் கோப்பாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.

சர்வரில் இருக்கும் மெயிலையும் வட்டில் இருப்பதையும் ஒத்திசைக்க எம்பிசிங்க் என்ற நிரல் போதும். தொகுப்பின் பெயர் ஐசிங்க், அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும். பழைய வழிகாட்டிகளில் வரும் மாஸ்டர், ஸ்லேவ் என்ற சொற்கள் 1.4 பதிப்பிலிருந்து ஃபார் (சர்வர் பக்கம்), நியர் (உங்கள் வட்டுப் பக்கம்) என மாறிவிட்டன. முதல் ஓட்டத்தில் இருபக்கமும் அழிக்கச் சொல்லும் எக்ஸ்பஞ்ச் அமைப்பைப் போடாதீர்கள். சர்வரிலிருந்து இறக்க மட்டும் செய்யும் சிங்க் புல் அமைப்பை வைத்து இறக்கி, எண்ணிக்கை சரிபார்த்த பிறகு மற்றதைத் திறந்துவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எம்பிசிங்க் ஒவ்வொரு கோப்புப் பெயரிலும் ‘,யூ=1843’ என்பதுபோல ஒரு எண்ணைச் செருகிவைக்கும். அந்த எண் அந்தக் கோப்புறைக்குள் மட்டுமே செல்லும். கையாலோ ஒரு ஸ்கிரிப்டாலோ கோப்பை அப்படியே வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் எண்ணும் கூடவே போகும். அங்கே ஏற்கெனவே 1843 இருந்தால் ‘டூப்ளிகேட் யூஐடி’ என்று சொல்லி ஒத்திசைவு நின்றுவிடும். நகர்த்தும்போது அந்தத் துண்டைப் பெயரிலிருந்து வெட்டிவிட வேண்டும்.

ஜிமெயில்காரர்கள் ‘ஆல் மெயில்’ கோப்புறையையும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து இறக்கினால் ஒரே மெயில் இரண்டு மூன்று முறை வட்டில் உட்காரும். ஏதாவது ஒரு பக்கத்தை விட்டுவிடுங்கள்.

அனுப்புவதற்கு வீட்டுக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரை நிறுவி நேராக அனுப்ப முயல்வது வீண் உழைப்பு. பல இணையச் சேவையாளர்கள் 25ஆம் போர்ட்டை அடைத்திருப்பார்கள். தப்பி வெளியே போனாலும், மாறிக்கொண்டே இருக்கும் வீட்டு ஐபியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய சர்வர்கள் நம்பாது. எம்எஸ்எம்டிபி என்ற சிறிய அனுப்பும் நிரலை வைத்து உங்கள் மெயில் சேவையாளரின் சர்வர் வழியாகவே அனுப்புங்கள். போர்ட் 587 என்றால், சாதாரணமாகத் தொடங்கிய இணைப்பைப் பிறகு மறையாக்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் இயங்க வேண்டும். 465 என்றால் அதை அணைக்க வேண்டும். அணைக்காமல் விட்டால் இரண்டு பக்கமும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்க, இணைப்பு அப்படியே தொங்கும். அனுப்ப முடியாத மெயிலைப் பிறகு அனுப்ப வைத்திருக்கும் வரிசை எம்எஸ்எம்டிபிக்குத் தானாகக் கிடையாது. நெட் இல்லாத நேரத்தில் எழுதுபவர்கள் அதனுடன் வரும் எம்எஸ்எம்டிபிக்யூ ஸ்கிரிப்டைப் பயன்படுத்த வேண்டும்.

கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் எழுதாமல் பாஸ் என்ற கடவுச்சொல் காக்கும் நிரலில் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அதன் பின்னால் மறையாக்கச் சாவியைக் கையாளும் ஜிபிஜி ஏஜென்ட், சாவியைத் திறக்கும் உங்கள் ரகசியத் தொடரை இயல்பாக 600 விநாடிதான் நினைவில் வைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒத்திசைவு ஓடி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாலும் 7200 விநாடியோடு மறந்துவிடும். குறித்த நேரத்தில் ஒத்திசைவைப் பின்னணியில் ஓட்டும் கிரானால் அந்தத் தொடரை உங்களிடம் கேட்க முடியாது. மெயில் சத்தமில்லாமல் நின்றுபோகும். ஏஜென்ட்டின் இரண்டு கால வரம்புகளையும் உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்பக் கூட்டிவையுங்கள்.

தேட நாட்மச் அருமையான கருவி. அது மெயிலைக் கொண்டுவராது, அனுப்பாது. அட்டவணை போட்டுத் தேடித் தரும், அவ்வளவே. நீங்கள் சூட்டும் குறிச்சொற்கள் அதன் தரவுத்தளத்தில்தான் வாழும், சர்வருக்குப் போகாது. மெயில்டிரின் கோப்புகளை மட்டும் காப்பெடுத்தால் பல வருட உழைப்பு போய்விடும். குறிச்சொற்களை ஒரு கோப்பாக எழுதித் தரும் நாட்மச் டம்ப் எடுத்து அதையும் சேர்த்துவையுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் மட்டா நியோமட்டா என்ற கேள்வி. தமிழில் மெயில் வருபவர்கள் அதற்கு முன் டெர்மினலைச் சோதிக்க வேண்டும். ‘கொ’, ‘நூ’, ‘ஸ்ரீ’ வரும் தலைப்புகளை மெயில் பட்டியலில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்துக்குத் திரையில் எத்தனை கட்டம் என்பதில் மெயில் படிக்கும் நிரலும் டெர்மினலும் வேறுவேறாகக் கணக்கிட்டால் வரிகள் கோணலாகும், எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். லொக்கேல் (கணினியின் மொழி, எழுத்துக்குறி அமைப்பு) யுடிஎஃப்-8 ஆக இருந்தும் கோணினால் மாற்ற வேண்டியது டெர்மினலை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கி காலத்துப் பழைய மெயில்கள் கிறுக்கலாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியோடு வரும், குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் நிரல் திஸ்கியை அறியும். அதன் வழியாக யுடிஎஃப்-8க்கு மாற்றிப் படிக்கலாம்.