செம்பனை லோரியும் காலை நேரத்துச் சைக்கிளும்
மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் காலையில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே பொழுது விடியவே 7 மணி ஆகிவிடும். ஆறரைக்குக் கிளம்பினால் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு கட்டாயம்.

அதைவிட முக்கியம், செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் குலை ஏற்றிய லோரி. சந்தியில் அது இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே தள்ளி வரும். இடப்பக்கம் இடம் இருப்பதுபோலத் தெரிந்தாலும் நுழையாதீர்கள். லோரிக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா? அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள்.

அப்புறம், வளைவுகளில் உதிர்ந்து நசுங்கிய செம்பனைப் பழம் கிடக்கும். மழை பெய்தால் அப்படி வழுக்கும்! என் மகனுக்கு முழங்கை தேய்ந்தது அங்கேதான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். திரும்பும்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.